மார்ஜாரப் பிரயாணம்

வெளியூருக்குக் கிளம்பும் வேளையில் பூனை குறுக்கே போய்விட்டால், எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்து, திண்ணையில் சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவது நம் பாட்டிமார் கடைப்பிடித்து வந்த சம்பிரதாயம். இன்றைக்கோ, அந்தப் பூனையையே காரில் ஏற்றிக்கொண்டு, சென்னையிலிருந்து திருநெல்வேலி வரையில் 600 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் பிரயாணம் செய்ய வேண்டிய நிலைமை எத்தனையோ குடும்பங்களுக்கு நேர்கிறது. முழுப் பரீட்சை முடிந்து, மாற்றல் உத்தரவு கைக்கு வந்து, கட்டில் பீரோ முதலான சாமான்களையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகு, காலியான கூடத்தின் நடுவில் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஜீவனை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்வி, லாரி வாடகையைக் காட்டிலும் அதிகமாக வீட்டாரின் மனத்தை அலைக்கழிக்கிறது.

நாய் மனிதரோடு போகும், பூனை வீட்டோடு தங்கும் என்று நம்மவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். இதில் பாதி உண்மைதான் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், பரீட்சித்துப் பார்த்த பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, தம்மை வளர்ப்பவர் அருகில் இருக்கும்போது தைரியம் கொள்கின்றன என்று தெரியவந்தது. ஆகவே பூனைக்கு மனிதரிடத்தில் பற்றே இல்லை என்பது அபவாதம். ஆயினும், இடத்தின்மேல் அதற்குள்ள பந்தம் நாம் எளிதில் உணரக்கூடியதன்று. அதன் கன்னத்திலும் மோவாயிலும் உள்ள சுரப்பிகளிலிருந்து நமது நாசிக்கு எட்டாத ஒருவகை வாசனைப் பொருள் கசிகிறது. நாற்காலிக் காலிலும் கதவு மூலையிலும் நமது முழங்காலிலும் அது முகத்தை உரசிக்கொண்டு போவது கொஞ்சுவதற்காக மட்டுமன்று, 'இது எனக்குப் பரிச்சயமான இடம்' என்று முத்திரை இடுவதற்காகவும்தான். அப்படி நாள்தோறும் முத்திரையிட்டுப் பாதுகாத்த ராஜ்யத்திலிருந்து அதைத் திடீரென்று பிடித்து, பெட்ரோல் நெடி வீசுவதும், இரைச்சலிடுவதும், தரையே நடுங்குவதுமான ஓர் இரும்புக் கூட்டுக்குள் அடைத்தால், அது அலறுவதில் வியப்பென்ன? பூனையோடு நெடுந்தூரம் போவதன் சூட்சுமம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது: வீட்டிலிருந்து பூனையைப் பிரித்தெடுத்துக்கொண்டு போகலாகாது, வீட்டின் ஒரு சிறு பாகத்தையும் அதனோடு கூட எடுத்துச் செல்ல வேண்டும்.

பூனை ஜாதிக்குப் பிரயாணம் புதிதன்று. மத்தியதரைக் கடலிலுள்ள சைப்ரஸ் தீவில், ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சமாதியில், மனித எலும்புக்கூட்டுக்கு வெகு அருகில் ஒரு பூனையின் எலும்புக்கூடும் புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் கண்டு, 2004-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்கள். அந்தத் தீவில் பூனைகள் இயற்கையாக வாழ்ந்ததில்லை. ஆகையால் ஆசியக் கரையிலிருந்து யாரோ சில குடியானவர்கள் தங்கள் தோணியில் தானியத்தோடு பூனையையும் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று அனுமானிக்கிறார்கள். கடல் கடந்து வந்த பூனையால் நெடுஞ்சாலையைக் கடக்க முடியாதா? முடியும், ஆனால் பக்குவப்படுத்த வேண்டும், பக்குவத்துக்கு நாள் பிடிக்கும்.

முதலாவது அவசியம் ஒரு பெட்டி. கடைக்காரர்கள் கேரியர் என்று சொல்லும் இதில் துணிப்பை மாதிரியானதும் உண்டு, கட்டிப் பிளாஸ்டிக்கில் செய்ததும் உண்டு. நெடும் பிரயாணத்துக்கு இரண்டாவதுதான் உசிதம். பூனை உள்ளே நிமிர்ந்து நிற்கவும், ஒரு சுற்றுத் திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். அதற்குமேல் விசாலமாக இருந்தால் வண்டி வளையும்போதெல்லாம் பூனை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சறுக்கும். மேல் மூடியைத் தனியாகக் கழற்றக்கூடிய பெட்டியாகப் பார்த்து வாங்கினால், மருத்துவரிடம் காட்டும்போது பூனையை வெளியே இழுத்துப் போராட வேண்டியதில்லை.

பெட்டியை வாங்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, புறப்படும் நாளன்று காலையில் இறக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் காரியம். பூனைக்கு ஞாபகசக்தி உண்டு. பரணிலிருந்து பெட்டி இறங்கினால் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறோம் என்பது அதற்குத் தெரியும். அடுத்த நிமிஷம் அது பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள, மனிதக் கை புகாத சந்துக்குள் போயிருக்கும். வியன்னாவிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் 22 பூனைகளை வைத்துச் செய்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இவ்விஷயத்தில் நல்ல வழி காட்டுகிறது. ஒரு பிரிவுப் பூனைகளுக்கு ஆறு வாரங்களில் 28 தடவை, தின்பண்டம் கொடுத்துக் கொடுத்து, பெட்டிக்குள் தாமாகவே நுழையவும், கதவை மூடினால் பொறுத்திருக்கவும், பிறகு காரில் சிறிது தூரம் போய் வரவும் பழக்கினார்கள். பழகிய பூனைகளுக்குக் கார்ப் பிரயாணத்தில் கலவரம் குறைந்தது. மருத்துவப் பரிசோதனையும் சீக்கிரம் முடிந்தது. இதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டியதில்லை. பெட்டியின் கதவைக் கழற்றிவிட்டு, பூனை வழக்கமாகத் தூங்கும் இடத்தில் வைத்து, அதன் பழைய துண்டையோ வீட்டாரின் பழம் புடவையையோ உள்ளே விரித்து, தினம் ஒரு வேளை நெத்திலிக் கருவாட்டுத் துணுக்கை உள்ளே வைத்து வந்தால், சில வாரங்களில் அது பெட்டியைத் தன் அறையாகவே ஏற்றுக்கொள்ளும். அந்தத் துணியைத் துவைக்கலாகாது. நமக்கு அழுக்காகத் தோன்றுவது அதற்கு வீட்டின் வாசனை.

வைஷ்ணவ ஆசாரியர்கள் சரணாகதியை விளக்கும்போது, குரங்குக்குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்வதை மர்க்கட நியாயம் என்றும், பூனைக்குட்டியைத் தாயே வாயால் கவ்விச் செல்வதை மார்ஜார நியாயம் என்றும் சொல்லுவார்கள். குட்டியின் பிடரியைத் தாய் கவ்வியதும், அது நான்கு கால்களையும் மடக்கிக்கொண்டு அசைவற்றுத் தொங்குவது கண்கூடு. அதைப் பார்த்துவிட்டு, வளர்ந்த பூனையையும் பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கலாம் என்று நினைப்பது பிசகு. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு அது வலியைத் தரும், பயத்தை இரட்டிப்பாக்கும். ஒரு கை நெஞ்சுக்குக் கீழும் மறு கை பின்னங்கால்களுக்குக் கீழும் கொடுத்து அணைத்துத் தூக்கி, பெட்டியின் வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைத்து, பின்னங்கால்கள் முதலில் போகும்படி மெதுவாக இறக்கினால், முரண்டு பிடிக்கும் பூனையும் தான் எங்கே போகிறோம் என்று பார்ப்பதற்குள் உள்ளே போய்விடும். அப்புறம் பெட்டியை நிதானமாகப் படுக்க வைக்கலாம்.

பிரயாணத்துக்குப் பத்துப் பதினைந்து நாட்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரை ஒரு முறை பார்ப்பது அவசியம். 1903-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் சென்னை வேப்பேரிக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஸ்தாபனத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பூனைகளைப் பார்த்துப் பழகிய எந்த மருத்துவரும் போதும். வெறிநோய்த் தடுப்பூசியும், பூனைகளுக்குரிய தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் தவணை தவறாமல் போடப்பட்டிருக்கின்றனவா என்று அவர் பார்த்து, பிரயாணத்துக்குத் தகுதியென்று சான்றும் எழுதித் தருவார். 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் ரயில், சாலை, கப்பல், விமானம் எதுவானாலும் இத்தகைய சான்றிதழைக் கேட்கின்றன. நிறைமாதக் கர்ப்பிணிப் பூனையை ஏற்றலாகாது என்றும் விதிக்கின்றன. பூனை வழியில் தவறிப்போனால் அடையாளம் காண்பதற்கு, கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண்ணை எழுதித் தொங்கவிடுவதோடு, தோளெலும்புகளுக்கு நடுவே தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப்பையும் பதித்துக்கொள்ளலாம்.

மிகவும் மிரளுகின்ற பூனைக்கு மருந்தும் உண்டு. காபாபென்டின் என்ற மருந்தை மருத்துவர்கள் இதற்காக எழுதித் தருகிறார்கள். வாந்தியைத் தடுப்பதற்கு வேறு மருந்து இருக்கிறது. பிரயாண பயத்துக்கென்றே பூனைகளுக்கான ப்ரீகாபலின் திரவத்தை 2023-இல் அமெரிக்க அரசாங்கம் அங்கீகரித்தது. எதைக் கொடுப்பதானாலும், முன்னதாக ஒரு நாள் வீட்டிலேயே கொடுத்து, பூனை எவ்வளவு நேரம் தூங்குகிறது, எழுந்தால் தள்ளாடுகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. வீட்டு அலமாரியிலுள்ள மனித மருந்தை மட்டும் தொடவே கூடாது. நாம் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் சர்வசாதாரணமாக விழுங்கும் பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குப் போதாது. ஒரே மாத்திரை அதன் பிராணனைப் போக்கிவிடக்கூடும்.

இனி, புறப்படும் நாள். மூன்று நான்கு மணி நேரம் முன்பே ஆகாரத்தைக் கொஞ்சமாகக் கொடுத்து நிறுத்திவிட வேண்டும், தண்ணீரை நிறுத்தலாகாது. 'பாவம், வாயில்லா ஜீவன், நெடுந்தூரம் போகிறதே' என்று இரக்கப்பட்டு ஒரு கிண்ணம் பால் சாதத்தை ஊட்டிவிடுவது உபகாரமாகாது. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, அதன் விளைவு செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். கத்தரி வெயில் காலமானால், விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுவது மேல். உச்சி வேளைக்குள் திருச்சியைத் தாண்டி மதுரையை நெருங்கிவிடலாம்.

வண்டிக்குள் பெட்டியை எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். முன்னிருக்கைக்குப் பின்னால், தரையில், ஆடாமல் பொருத்தி வைப்பது பத்திரம். காற்றுப்பை விரியக்கூடிய முன்னிருக்கை கூடாது. சாமான்கள் சரியக்கூடிய டிக்கியும் கூடாது. மெல்லிய பருத்தித் துணியால் மூன்று பக்கமும் மூடி, காற்றுக்காக ஒரு பக்கத்தை விட்டுவிட்டால், எதிரே வரும் லாரிகளின் வெளிச்சம் கண்ணில் படாமல் பூனை அடங்கிப் படுக்கும். மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே போகலாம் என்ற ஆசை வேண்டவே வேண்டாம். ஒரு டோல்கேட்டை நினைத்துப் பாருங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இல்லையென்று தடுப்புக்கட்டை இறங்குகிறது. ஓட்டுபவர் கண்ணாடியை இறக்குகிறார். பின்னாலிருக்கும் பேருந்து காற்று ஒலிப்பானை அலற விடுகிறது. மடியிலிருந்த பூனை ஒரே பாய்ச்சலில் ஜன்னல் வழியாக வெளியேறி, எட்டு வரிசை வாகனங்களின் சக்கரங்களுக்கு இடையே மறைந்துவிடுகிறது. அதைத் தேடிப் பிடித்தவர்கள் அபூர்வம். வெளியே பாயாத பூனை உள்ளேயே பிரேக் மிதிக்கு அடியில் போய்ப் பதுங்கினாலோ, பூனையின் பிராணன் மட்டுமல்ல, வண்டியிலுள்ள அனைவரின் பிராணனும் ஆபத்தில் சிக்கும். கதவுகளும் கண்ணாடிகளும் முழுக்க மூடியிருந்தாலன்றிப் பெட்டியைத் திறப்பதில்லை என்பதை வண்டியிலுள்ள குழந்தைகள் உட்பட எல்லோரும் விரதமாகக் கொள்ள வேண்டும்.

சாலையைவிடப் பெரிய சத்துரு வெயில். பூனைக்குப் பாதத்தின் அடிப்பஞ்சில் தவிர வேறிடத்தில் வியர்வை சுரப்பதில்லை. நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதும் அதன் ஸ்வபாவமன்று. வாயைத் திறந்துகொண்டு இளைக்கும் பூனை ஏதோ பெருந்துன்பத்தில் இருக்கிறதென்றே கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரி 22 டிகிரி செல்சியஸ் உயர்வதையும், அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணிக்குள்ளேயே நேர்ந்துவிடுவதையும், கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய பயன் ஒன்றும் இல்லை என்பதையும் அளந்து காட்டியது. அந்தக் கணக்கை உளுந்தூர்பேட்டையின் மே மாத வெயிலோடு கூட்டிப் பார்த்தால், 'ஒரு காபி குடித்துவிட்டு வருகிறோம், பூனை வண்டியிலேயே இருக்கட்டும்' என்பது எத்தகைய வார்த்தை என்று விளங்கும். எல்லோரும் ஒருசேர இறங்காமல், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஒருவர் மாற்றி ஒருவர் பூனையோடு உட்கார்ந்திருப்பதே முறை.

இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை வண்டியை நிழலில் நிறுத்துவது மனிதருக்கும் நல்லது, பூனைக்கும் நல்லது. மேற்சொன்ன 1978-ஆம் ஆண்டின் விதிகளே, நாய் பூனைகளுக்குக் கோடையில் நான்கு மணிக்கு ஒரு தடவையும் குளிர்காலத்தில் ஆறு மணிக்கு ஒரு தடவையும் தண்ணீர் காட்ட வேண்டும் என்றும், வளர்ந்தவற்றுக்குப் பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை ஆகாரம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லுகின்றன. திருநெல்வேலிப் பிரயாணத்தில் தண்ணீர் மூன்று தடவையாவது காட்டவேண்டி வரும். குடிக்க மறுத்தால் விரலை நனைத்து உதட்டில் தடவலாம். பலவந்தமாகப் புகட்டினால் புரையேறும். மூடிய வண்டிக்குள் மண் தட்டையும் ஒருமுறை காட்டிப் பார்க்கலாம். பெரும்பாலான பூனைகள் அதை ஏறெடுத்தும் பாராமல், ஊர் போய்ச் சேரும்வரை அடக்கிக்கொண்டிருக்கும். அதற்காகக் கலங்க வேண்டாம். ஆனால் ஆண் பூனையொன்று தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் சொட்டவில்லையென்றால், அது மூத்திரத் தாரை அடைத்துக்கொண்ட அறிகுறியாக இருக்கலாம். ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் வழியிலுள்ள மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்ப வேண்டும். திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவமனைகளின் தொலைபேசி எண்களை முன்கூட்டியே குறித்துக்கொள்வது இதற்காகத்தான்.

கிளம்பிய முதல் அரைமணி பூனை கத்திக்கொண்டே வரும். அந்த ஓலத்தைக் கேட்டு மனம் இளகிக் கதவைத் திறந்துவிடாமல், தணிந்த குரலில் பேசிக்கொண்டு, பாட்டையும் நிறுத்திவிட்டு, நிதானமான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் தாம்பரம் தாண்டி அது ஓய்ந்துவிடும். ஓயாமல் எச்சில் வடிப்பதும் உதட்டை நக்கிக்கொண்டேயிருப்பதும் குமட்டலின் அடையாளங்கள். உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு, வண்டியின் ஆட்டத்தால் குழம்புவதே இதற்குக் காரணம். வாந்தியெடுத்தால் மாற்றுவதற்கு, அதே வீட்டு வாசனையுள்ள இன்னொரு துணியைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் புது வீட்டை முழுவதும் சுற்றிக்காட்டும் உற்சாகம் நமக்கு இருக்கலாம். பூனைக்கு வேண்டியது ஒரே ஒரு அறை. ஜன்னல்களை மூடி, ஒரு மூலையில் ஆகாரமும் தண்ணீரும், எதிர்மூலையில் மண் தட்டும் வைத்து, பழைய தட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி மண்ணை அதில் கலந்து, பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சாமான் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து ஒளிந்துகொள்ள இடம் செய்து கொடுத்தால் இன்னும் விசேஷம். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளைக் கவனித்து 2014-இல் வெளியான ஆய்வில், ஒளிய அட்டைப்பெட்டி கிடைத்தவையே விரைவில் தேறின. முதல் நாள் உண்ணாமல் இருப்பது சகஜம். இரண்டு நாளாகியும் ஒன்றும் தொடவில்லையானால், முக்கியமாகக் கொழுத்த பூனையானால், கல்லீரலில் கொழுப்பு ஏறும் அபாயம் உண்டாதலால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைந்தது மூன்று வாரமாவது வாசலுக்கும் மாடிக்கும் விடாமல் வைத்திருந்தால், புதிய நாற்காலிக் கால்களிலும் கதவு மூலைகளிலும் அது தன் முத்திரையை இட்டு முடித்திருக்கும்.

இவ்வளவு பிரயத்தனத்தையும் வாசித்தபின், நான்கு நாள் திருமணத்துக்கும் பொங்கல் விடுமுறைக்கும் பூனையை அழைத்துப் போகத்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம். சில நாள் பிரிவானால், அண்டை வீட்டுக்காரர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, காலையும் மாலையும் வந்து ஆகாரம் வைத்து மண் தட்டைச் சுத்தம் செய்யும்படி கேட்டுக்கொள்வதைவிடப் பூனைக்குச் சௌகரியமான ஏற்பாடு வேறில்லை. ஆனால் குடியே பெயர்கிறோம் என்றால் கதை வேறு. 'பூனைதானே, வீட்டோடு இருந்துகொள்ளும், எப்படியும் பிழைத்துக்கொள்ளும்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, பூட்டிய கதவுக்கு வெளியே அதை விட்டுச் செல்லும் வழக்கம் நம்மிடையே சாதாரணமாக இருக்கிறது. பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகவே கருதுகிறது. பத்து மணி நேரப் பிரயாணத்தில் பூனை படும் சங்கடம் சில நாளில் தீரும். ஆளில்லாத வீட்டு வாசலில் அது படும் பாடு தீராது. ஆகையால், மாற்றல் உத்தரவு வந்த அன்றைக்கே, லாரிக்குச் சொல்வதற்கு முன்னால், ஒரு பெட்டியை வாங்கிக் கூடத்தில் திறந்து வையுங்கள்.